பன்னீர்க் குடம்

அந்த நகரத்தைப் பிடிக்கிறவர்கள் முதல் வேலையாகக் குன்றின்மேல் இருக்கும் தொழுமிடத்தைக் கழுவுவார்கள். சிலுவைக்காரர்கள் பிடித்தால் மந்திரித்த தண்ணீர். பிறைக்கொடிக்காரர்கள் பிடித்தால் பன்னீர். தெருவில் கிடக்கும் பிணங்களைக் கழுவ மட்டும் இருவரிடமும் தண்ணீர் இருந்ததில்லை. கடவுளின் மூக்குக்கு அவ்வளவு மரியாதை!

இந்த முறை பன்னீர். தரையைத் தேய்க்க வழக்கம்போல உள்ளூர்க்காரி சலோமியைத்தான் பிடித்து வந்தார்கள். போன முறை சிலுவைக்காரர்களின் ஆயர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற அதே படியில், இப்போது தளபதி நுஃமான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

“இறைவனோட வீட்டைக் குதிரை லாயமாக்கி வெச்சிருக்கானுங்க, பன்னிங்க! லத்தியில இன்னும் ஆவி பறக்குது, பாரு!”

சிலுவைக்காரர்கள் ஓடிப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. நேற்றைய மழைக்கு ஒதுங்க, நுஃமானின் ஆட்களே அவன் குதிரையை உள்ளே இழுத்து வந்து தூணில் கட்டியதைச் சலோமி பார்த்திருந்தாள். சொன்னால் தலை இருக்காது.

“ஆமாங்கய்யா,” என்றாள், குனிந்து தேய்த்தபடியே. “பன்னிங்கதான்.”

“இன்னொரு தடவை சொல்லு!” என்று தளபதி உரக்கச் சிரித்தான்.

தூணுக்குப் பின்னால் இருட்டில் நின்ற குதிரை, எஜமானின் சிரிப்பைக் கேட்டு ஆசையாகக் கனைத்தது.