செந்நெற்றிக் கிளி

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கிளிக்கு உங்க பேர் வேணாம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

அக்காவாம், அக்கா. என் புருஷனைக் கொத்திக்கொண்டு போனவள், என் சோபாவிலேயே உட்கார்ந்து எனக்கு முறை வைக்கிறாள்.

பக்கத்தில் அவர். பறவையியல் பேராசிரியர். வந்ததிலிருந்து தன் கால் கட்டைவிரலையே ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலும் ஏதோ புது இனம் அகப்பட்டுவிட்டது போல.

அவர் பிழைப்பே ஒரு கிளிதான். பறவை விற்கிறவன் ஒருவன் மலைக்காட்டில் பிடித்தது என்று சொல்லி அவர் தலையில் கட்டியது. எல்லாக் கிளியையும் போலத்தான். நெற்றியில் மட்டும் சிவப்பு. வந்த வாரமே செத்துப்போனது. பாடம் பண்ணி, புது இனம் என்று உலகத்துக்கு அறிவித்தார். பொதுப்பெயர் செந்நெற்றிக் கிளி. அறிவியல் பெயரில் பின்பாதி நான். என் பெயருக்கு லத்தீனில் ஒரு வால்.

மனைவிக்கு நகை வாங்குகிறவனைப் பார்த்திருக்கிறோம், அவள் பெயரையே பறக்கவிட்டவரை இப்போதுதான் பார்க்கிறோம் என்று மேடையில் ஒருவர் உருகினார்.

இரண்டாவது கிளி இன்றுவரை எவன் கண்ணிலும் படவில்லை. அரிய இனமாம்.

அடுத்த மாதம் அதற்காகவே அவருக்குப் பெரிய விருது. இவளுக்கோ வயிற்றெரிச்சல். அருங்காட்சியகத்தில் பறவைக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள் இவள்தான். தினமும் போகும்போதும் வரும்போதும் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து என் பெயர் முறைக்கிறதாம்.

யார் வேண்டாம் என்றாலும் அது போகாது. வைத்தது வைத்ததுதான், அவர்கள் துறையின் விதி அப்படி. பெண்டாட்டியை மாற்றலாம், அதை மாற்ற முடியாது. இதை இவளிடம் சொல்லி நிறுத்தக்கூடத் துப்பில்லாமல், மனிதர் பின்னாலேயே வந்திருக்கிறார்.

ஒரு வழி இருக்கிறது என்றேன். அது புது இனமே இல்லை என்று நிரூபித்துவிட்டால் பெயர் தானாக விழுந்துவிடும்.

கட்டைவிரலை விட்டு அவர் தலை நிமிர்ந்தது.

இவளுக்கு முகமெல்லாம் பல். எப்படி நிரூபிப்பது, சொல்லுங்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அட மண்டு.

செத்த கிளியை அன்று துடைத்தவள் நான். துணியில் அதன் நெற்றிச் சிவப்பு ஏறியதை அவரும் பார்த்தார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். யாரிடமும் மூச்சுவிடாதே என்றார். மறுநாள்தான் அதற்கு என் பெயரை வைத்தார். ஊர் அதைக் காதல் என்றது. எனக்குப் போட்ட வாய்ப்பூட்டு அது. தூ.

அவர் கும்பிடாத குறையாக என்னைப் பார்த்தார்.

"பெரிய வேலை ஒண்ணும் இல்லம்மா. பெட்டியைத் திறந்து, ஈரத்துணியால அது நெத்தியை ஒரு தடவை அழுத்தித் துடை."

அவ்வளவுதானா என்று அவள் உடனே எழுந்துவிட்டாள். நாளைக் காலையில் முதல் வேலை அதுதானாம். வாசல்வரை போய்த் திரும்பி அவரைக் கூப்பிட்டாள்.

அவரால் எழுந்திருக்க முடியவில்லை.