நடுச்சுவருக்கு மேலே

"ஏனுங்க, குழாயைப் பாதி ஓட்டோட நிறுத்தச் சொல்றீங்களா?"

ஏணி மேல் நின்ற தனபாலுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறி வந்து எத்தனையோ வீடுகளுக்கு மழைத்தண்ணீர்க் குழாய் மாட்டியிருக்கிறான். பாதிக் கூரைக்கு மட்டும் மாட்டச் சொன்ன மகராசனை இப்போதுதான் பார்க்கிறான்.

"ஆமா. அந்தப் பாதி எங்க அண்ணன் ஊடு," என்றான் வீட்டுக்காரன் சென்றாயன். "என் சுவரு மழையில ஊறிக் கரையுதுன்னு நான் குழாய் போடறேன். அவரு சுவரு கரைஞ்சா எனக்கென்ன?"

ஒரே ஓட்டு வீடு. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு மண்சுவர் எழுப்பியிருந்தார்கள். அது ஓடு வரைக்கும் போகவில்லை. மேலே ஒரு ஆள் தலையை விட்டு எட்டிப் பார்க்கிற அளவுக்கு இடைவெளி.

"பேச்சுவார்த்தை இல்லீங்களா?"

"நடுச்சுவத்தை ஒரு சாண் என் பக்கம் தள்ளிக் கட்டிட்டாரு. அன்னைக்கு விட்டதுதான். என் கல்யாணத்துக்கே அவரைக் கூப்பிடல. அந்த ஊட்டுச் சோறு தண்ணி என் தொண்டையில எறங்காதுன்னு கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னைக்கு வரைக்கும் மீறல."

தனபால் ஏணியை விட்டு இறங்கினான். கூடப்பிறந்தவனை ஒரு சாண் மண்ணுக்காக இப்படியும் ஒதுக்குவார்களா?

"அவரு ஊட்டுல வேற யாருங்க?"

"ஒண்டிக்கட்டை. காட்டுக்குப் போயிருப்பாரு. நீ தாழ்வாரத்து இடுக்கையெல்லாம் அடைக்கிறப்பவே, இந்த நடுச்சுவத்து மேலயும் தகர ஷீட் வெச்சு அடைச்சுரு. அவரு ஊட்டுக் காத்துகூட இங்க வரக் கூடாது."

அடுப்படியிலிருந்து சென்றாயனின் மனைவி பாப்பாயி ஓடி வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"அங்க மட்டும் வேண்டாமுங்க. அடுப்புப் புகை அந்த வழியாத்தான் போவுது."

"வாசப்படி வழியாப் போவட்டும்."

"கொஞ்சூண்டாச்சும் விடச் சொல்லுங்க!"

"ஒரு விரக்கடைகூட விடக் கூடாது. நீ அடி, தனபாலு."

ஷீட் ஏறியது. சென்றாயனுக்கு வாயெல்லாம் பல். இன்று அவன் காட்டு வேலையை விட்டுவிட்டு வீட்டில் நின்றதே இதைக் கண்குளிரப் பார்க்கத்தான்.

"கையைக் கழுவிட்டு வா தனபாலு, சாப்பிடலாம். எங்க ஊட்டுக் குழம்பை ஒருக்கா சாப்பிட்டா அப்புறம் மலையை விட்டு எறங்க மாட்ட."

இருவருக்கும் சாமைச் சோறு வந்தது. குழம்பு வரவில்லை. பாப்பாயி வெறும் கரண்டியைப் பிடித்தபடி நடுச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குழம்பு எங்கடி?"

அவள் வாயைத் திறப்பதற்குள் புது ஷீட்டை அந்தப் பக்கமிருந்து யாரோ டொக் டொக்கென்று தட்டினார்கள். அண்ணன் குழந்தைசாமியின் குரல் கேட்டது.

"பாப்பாயி கண்ணு, ஏஞ்சாமி இதை அடைச்சுட்டீங்க? தம்பி காட்டுலருந்து வர்ற நேரமாச்சு, தெனமும் குடுக்கற குழம்புச் சட்டிய இனிமே நான் எந்த வழியா நீட்டறது?"