பெட்டி எண் ஏழு

2051 மார்ச் 3, திருநெல்வேலி. குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தையைத் தத்தெடுக்க எபனேசரும் செல்வராணியும் கையெழுத்திட்டார்கள். பெற்றோர் பெயர் சொல்லி அழைக்கும் வரை சிகிச்சைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்கும்; அழைத்துவிட்டால் செலவு அவர்களுடையது. அழைக்கிறார்களா என்று ஒட்டுக்கேட்கவே இன்குபேட்டரில் மைக் இருந்தது.

"ஜெமிமான்னு வாய் தவறிக்கூட இங்க சொல்லிராத. டிஸ்சார்ஜ் ஆகட்டும்," என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னார் எபனேசர்.

"அப்ப பிள்ளைய என்னன்னு கூப்பிட?"

"பெட்டி நம்பர் ஏழுதான? ஏழுன்னு கூப்பிடு."

நூற்று நாற்பது நாள் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

டிஸ்சார்ஜ் ஆன ஞாயிற்றுக்கிழமையே ஞானஸ்நானம். போதகர் "ஜெமிமா" என்று தலையில் தண்ணீர் தெளித்ததும் குழந்தை வீறிட்டது. செல்வராணி எத்தனை முறை "ஜெமிமா" என்று கொஞ்சியும் அடங்கவில்லை. கடைசியில் குனிந்து, "ஏழு" என்றாள். அழுகை நின்றது.

போதகரின் மைக்கில் அது சபை முழுவதற்கும் கேட்டது.