தோலுறையின் பிடி

மழை பேச, மலை உம் கொட்டிய காலத்தில், ஒரு காப்பித் தோட்டத்து வீட்டு அலமாரியில் ஒரு துப்பாக்கியும் அதன் தோலுறையும் இருந்தன. காட்டுப்பன்றியை விரட்ட அந்த வீட்டுக்காரி சலோமி வைத்திருந்த துப்பாக்கி அது. மழைக்காலம் வந்தால் போதும், தோலுறை அதைத் தன் மார்போடு இறுக்கிக்கொள்ளும்.

"அக்கா, முதுகெல்லாம் அரிக்குது," என்றது துப்பாக்கி.

"ஈரக்காத்து பட்டிருக்கும்டா. இன்னும் ஒட்டிப் படு."

கீழ்த்தட்டில் கிடந்த எண்ணெய்த் துணி சிரித்தது. "ஈரக்காத்தாம்! போன வாரம் மழையில நனைஞ்சு வந்தியே, அந்தத் தண்ணி எங்க போச்சு? உன் உடம்புலதான் ஊறிக் கிடக்கு. நீ கட்டிப்பிடிக்கப் பிடிக்க அவன் துருப்பிடிக்கிறான்."

"வாயை மூடுடி, பிசுக்கு!" என்றது தோலுறை. ஆனாலும் ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தது. உள்ளே பூஞ்சை வாடை. அது அழவில்லை. அழுதால் அதுவும் ஈரம்தானே.

மறுநாள் சலோமி அலமாரியைத் திறந்தாள். மழைக்காலத்தில் துப்பாக்கியைத் துடைக்க உறையைக் கழற்றப் போனால், எப்போதும் தோலுறையின் வார் சிக்கிக்கொள்ளும்; அவளும் அலுத்துப்போய்க் கதவைச் சாத்திவிடுவாள். அன்று வார் தானாகவே நெகிழ்ந்து கொடுத்தது.

"அடப்பாவமே, உடம்பெல்லாம் துரு!" என்று சலோமி எண்ணெய்த் துணியால் துப்பாக்கியைத் துடைத்து, உறையில்லாமல் நிறுத்தினாள். தோலுறையை அடுப்பங்கரையில் காயவைத்து, சாயங்காலம் அதே அலமாரியின் மூலை ஆணியில் மாட்டினாள்.

"அக்கா, குளிருதே," என்றது துப்பாக்கி.

"குளிரட்டும்டா. அரிக்குதா?"

"இல்லக்கா."

"அப்போ தூங்கு. இங்கதான் இருக்கேன், பார்த்துக்கிட்டே."

சலோமி கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.