நிருஷனின் கோப்பு

சுமித்திரா ஓர் எழுத்தைத்தான் அழித்தாள். அதற்குள், நிரல் எழுதும் செயலியான ஈமாக்ஸ் குறுக்கே வந்து நின்றது.

திரையின் அடியில் ஒரு வரி. இந்தக் கோப்பை நிருஷன் பூட்டி வைத்திருக்கிறார். பறித்தெடுக்கவா, பரவாயில்லை என்று தொடரவா, விட்டுவிடவா?

சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

முன் விறாந்தையில் கதிரை கிறீச்சிட்டது. வீரகத்தியர் திரும்பவும் எழும்பிவிட்டார்.

“பிள்ளை, நாளைக்கு விடியக் குளத்துக் கதவு திறக்கிறாங்கள். உன்ர கொம்பியூட்டர் என்ர வயலைத் தூக்கி வாய்க்காலின்ர கடைசியில வைச்சிருக்கு. எனக்கு முறை வரேக்க தண்ணி கடலுக்குப் போயிடும்.”

“திருத்திக்கொண்டுதான் இருக்கிறன், ஐயா.”

“ஆரும் பாவிக்கலாம், ஆரும் திருத்தலாம் எண்டு புருசனும் பெண்சாதியுமாக் கூட்டத்தில சொன்னியள். அப்பிடியெண்டா வழி விடு, மண்வெட்டியோட நானே உள்ளுக்க இறங்கிறன்.”

வேறு நாளென்றால் சிரித்திருப்பாள்.

இரணைமடுக் குளத்து வாய்க்கால்களில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று கணிக்கும் நிரல் அது. கலியாணம் முடித்த புதிதில் ஸ்கீம் என்ற கணினி மொழியில் அவளும் நிருஷனுமாக எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து விட்டார்கள். அதன் மற்றக் கோப்புகளையெல்லாம் சுமித்திரா இந்தச் சிறுபோகம் முழுக்கத் திருத்திக்கொண்டேயிருந்தாள். முறையைக் கணிக்கும் இந்த ஒன்று மட்டும் நிருஷனுடையது. அவன் போன பிறகு இதை அவள் தொட்டதில்லை.

போன மாரி தொடங்க முன்னம், ஏஜென்ட் ஒருவனுக்குக் காசு கட்டி வெளிநாட்டுக்குப் போனவன். ஏஜென்ட் சொன்ன நாட்டில் இறங்கி, ஏஜென்ட் சொல்லாத ஓர் எல்லையில் நின்று குரல் பதிவு ஒன்று அனுப்பினான். நாளைக்குக் காடு கடக்கிறம். அதோடு சரி. பிறகு ஏஜென்டின் தொலைபேசியும் ஓய்ந்துவிட்டது.

இருக்கிறானா, இல்லையா? அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். அதைச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

ஊர் தன்பாட்டில் முடிவெடுத்துவிட்டது. கமக்காரர் கூட்டத்தில், நிரலுக்குப் பொறுப்பாக இனி உங்கட பெயரையே போடுங்கோவன் என்றார்கள், குரலைத் தாழ்த்தி. அவள் எழுந்து வந்துவிட்டாள்.

இப்போது இதுவும் அதையே கேட்கிறது. பறித்தெடுக்கவா?

ஒரே கோப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கைவைக்காமலிருக்க, முதலில் தொடங்கியவரின் பெயரில் ஈமாக்ஸ் பூட்டுப் போடும். போகிற அவசரத்தில் பாதித் திருத்தத்தோடு விட்டுப் போயிருப்பான். அந்தப் பூட்டு. ஓர் எழுத்தை அழுத்தினால் போதும், கோப்பு அவளுடையதாகிவிடும். வீரகத்தியரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

விரலை வைத்தாள். எடுத்தாள். எழும்பி யன்னலைத் திறந்தாள், வெயில் அடித்தது, சாத்தினாள். திரும்ப வந்து இருந்தாள். கால் தன்பாட்டில் ஆடியது. மேசைக்குக் கீழே கணினிப் பெட்டியில் முழங்கால் இடித்தது.

“தேத்தண்ணி போடட்டே?” என்று குசினிக்குள்ளிருந்து மாமி விமலேஸ்வரி கேட்டா. நிருஷனின் அம்மா. மகனின் பெயரை இப்போது அவா வாயால் சொல்வதில்லை.

“ஓம் மாமி. ஐயாவுக்கும்.”

சொல்லிவிட்டு விரலை அழுத்தப் போனாள். போன விரல் பாதியில் நின்றது.

நேற்றுக் கரண்ட் நின்றதே.

முழங்காலில் இடித்த இந்தப் பெட்டி நேற்று அடியோடு அணைந்து, பொழுதுபடத்தான் எழும்பியது. அணைந்து எழும்பினால் அதற்கு முந்திய பூட்டு எதையும் ஈமாக்ஸ் மதிக்காது. போட்டவர் இப்போது உள்ளே இல்லை என்று கண்டால், ஒருவரையும் கேட்காமல் தானே எடுத்தெறிந்துவிடும்.

கேட்கிறது என்றால், இது நேற்றைக்குப் பிறகு போட்ட பூட்டு.

இன்னொரு சாளரத்தைத் திறந்தாள். இந்தக் கணினிக்குள் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் சின்னக் கட்டளை. அதையும் பிழையாக எழுதினாள். அழித்து, திரும்ப எழுதினாள்.

இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று அவளுடையது.

மற்றது எங்கோ தூரத்து இணைப்பு ஒன்றால் உள்ளே வந்திருந்தது. பெயருக்குப் பக்கத்தில் இணைய முகவரி எண்கள்; எந்த நாடென்று அவற்றில் எழுதியிருக்கவில்லை. அவனுடைய கடவுச்சொல் அவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கும்தான்.

காலையில் வீரகத்தியரின் முறைப்பாட்டை நிரலின் இணையப் பக்கத்தில் பதிந்திருந்தாள். பதிந்தால், எழுதிய இருவருக்கும் மின்னஞ்சல் தானாகப் போகும்.

பெண்சாதிக்கு ஒரு வரி எழுதாதவன், வீரகத்தியரின் வயலுக்குத் தண்ணீர் விட வந்திருக்கிறான்.

அழுகை வரும் என்று பார்த்தாள். ஆத்திரம்தான் வந்தது. எட்டினால் கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுத்திருப்பாள்.

விட்டுவிடு என்பதற்கான எழுத்தை அழுத்தினாள்.

“கொஞ்சம் பொறுங்கோ, ஐயா,” என்று விறாந்தைப் பக்கம் குரல் கொடுத்தாள். “அவர் அதிலதான் வேலை செய்துகொண்டிருக்கிறார்.”

“எவர்?”

கேட்டது வீரகத்தியர் அல்ல. மாமி. தேத்தண்ணித் தட்டோடு அறை வாசலில் நின்றா.

சுமித்திரா திரையை அவா பக்கம் திருப்பினாள்.

மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால், மகனைத் தேடித் தரச்சொல்லி ஆங்கிலத்தில் அடித்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராகக் காத்திருந்த நேரங்களில், அந்த ஒரு பெயரை மட்டும் வாசிக்கப் பழகியிருந்தா.