வெள்ளைக் கோட்டின் பொத்தான்கள்

2007 ஜனவரி. டோர்ட்மண்டில், மூன்றாம் மாடி வீட்டு ஜன்னலில் பிற்பகல் வெளிச்சம் அரிசி கழுவிய தண்ணீரைப் போலக் கலங்கி நிற்கிறது. சாப்பாட்டு மேசையில் போர்வையை விரித்து, சிவமலர் மகளின் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போடுகிறாள். பல்கலைக்கழக இரசாயன ஆய்வுகூடத்தில் மகள் போட்ட கோட் அது. கைமுனையில் ஊதாக் கறை ஒன்று போகாமல் இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் இஸ்திரிப் பெட்டி மெல்ல நகர்கிறது. நிலத்தில் நீண்ட கால்களை நீட்டியபடி மகள் தேனுஜா கூடைப்பந்துச் சப்பாத்துகளைப் பயணப்பைக்குள் திணிக்கிறாள். வேறு நகரத்துத் தொழில்முறை அணி ஒன்று அவளை எடுத்திருக்கிறது. படிப்பைப் பாதியில் நிறுத்துவதாக நேற்றுத்தான் எழுதிக் கொடுத்தாள்.

“அம்மா, அங்க கோட் தேவையில்லை.” “தெரியும்.” சிவமலர் காலரைத் திருப்பிப் போடுகிறாள். ஆவி சீறுகிறது. “இப்ப கூப்பிடுற மாதிரி இருபத்தஞ்சு வயசில கூப்பிடமாட்டினம் அம்மா. ரெண்டு வருசம் விளையாடிப்போட்டு வந்து படிப்பன்.” “ஓம் பிள்ளை. எண்பத்தி நாலில நானும் யாழ்ப்பாணக் கம்பசில என்ர கோட்டைக் கொழுவிப்போட்டு, ரெண்டு கிழமையில வாறன் எண்டுதான் வெளிக்கிட்டனான்.”

பையை மூடிக்கொண்டிருந்த தேனுஜாவின் கை பாதியில் நிற்கிறது. கீழே, கூட்டிப்போக வந்த தோழியின் கார் ஹார்ன் அடிக்கிறது. சிவமலர் கோட்டை ஹேங்கரில் மாட்டி, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிக்கொண்டு வருகிறாள். ஹார்ன் மறுபடியும் கேட்கிறது. உள்ளே ஆளில்லாத அந்தக் கோட்டின் கடைசிப் பொத்தானையும் அவள் பூட்டுகிறாள்.