மெத்தை தெரியாத படம்

"அண்ணா, தின்னுடாத, இறங்கி வந்து கேப்பேன்" என்று பாதி கடித்த ஆப்பிளை அண்ணனின் சட்டைப் பையில் திணித்துவிட்டுத் தம்பி பாறையில் தொற்றி ஏறுகிறான். கயிறு இல்லை. இரண்டு ஆள் உயரம்தான், விழுந்தால் தாங்க அடியில் நீல மெத்தை. பிடி வழுக்காதிருக்கக் கையில் பூசிய வெள்ளைப் பொடி சாயும் வெயிலில் புகையாய் மிதக்கிறது. அண்ணன் கேமராவில் கண் வைத்து முகம் சுளிக்கிறான். "அந்த மெத்தை படத்தையே கெடுக்குதுடா. கொஞ்சம் இழு." மெத்தையருகே மற்ற நண்பர்களோடு நிற்கும் குண்டன் தயங்குகிறான். "வேணாம்ணா. விழுந்து தொலைச்சான்னா?" மேலிருந்து சிரிப்பு வருகிறது. "நான் என்ன பல்லியா, பொத்துன்னு விழ? இழுடா, கை கடுக்குது." குண்டன் இழுக்க, மெத்தை சரசரவென்று நகர்கிறது. கேமரா ஒருமுறை சொடுக்குகிறது. பிறகு விரல் வழுக்கும் சின்ன ஓசை, அதன்பின் கல்லில் தலை மோதும் ஓசை. குண்டன் அவனை மடியில் அள்ளிப் போட்டுக் கன்னத்தைத் தட்டுகிறான். மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறான். வைத்த விரலை எடுக்க மறந்து உட்கார்ந்திருக்கிறான். நண்பர்கள் யாரும் அண்ணனைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. சட்டைப் பையில் ஆப்பிளின் ஈரம் மெல்லப் பரவுகிறது. கழுத்தில் தொங்கும் கேமராவின் திரை இன்னும் அணையவில்லை. அதில் தம்பி ஒற்றைக் கையில் தொங்கியபடி சிரிக்கிறான். அண்ணன் கேட்டபடியே, மெத்தை எங்கும் தெரியவில்லை.